பைட்டு ஏன் முன்னப்பின்ன மாறி வருது? லினக்ஸ்ல டிவைஸ் டேட்டா படிக்கறவங்க அடிக்கடி கேக்கற கேள்விகள்

பாம்பன்ல நமக்கு போட்டு எலெக்ட்ரானிக்ஸ் வேலை. ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், வயர்லெஸ் மாட்டறது, உப்புக்காத்துல பச்சை பூத்துப்போன கனெக்டரச் சொரண்டி மறுபடி உயிர் குடுக்கறது, இதான் பொழப்பு. கொஞ்ச வருசமா கூடவே ராஸ்பெரி பைங்கற கையடக்க கம்ப்யூட்டர் வச்சு சின்னச் சின்னப் பெட்டியும் கட்டிக் குடுக்கறேன், எறால் பண்ணைல தண்ணிச் சூடு பாக்க ஒண்ணு, ஐஸ் ரூமுக்கு ஒண்ணு, இந்த மாதிரி. ராம்நாட்டுலருந்து காலேஜ் பசங்க ப்ராஜெக்ட்ட தூக்கிட்டு வந்து கடைல உக்காந்துருவாங்க. யாரு வந்தாலும் கடைசில முட்டுற எடம் ஒண்ணுதான்: "அண்ணே, நம்பர் வருது, ஆனா தப்பு நம்பரா வருது." ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியா டைப் அடிச்சு கை ஓஞ்சு போச்சு, அதான் மொத்தமா எழுதிப் போடறேன்.

கீழ ரெண்டு ரெண்டு இலக்கமா இடைவெளி விட்டு வர்றதெல்லாம் ஹெக்ஸ் பைட்டு (பைட்டுன்னா எட்டு பிட்டு, ஹெக்ஸ்ன்னா பத்துக்குப் பதிலா பதினாறா எண்ற கணக்கு). முடிஞ்ச அளவுக்கு எழுத்து கலக்காத நம்பராப் பொறுக்கிப் போட்டிருக்கேன், படிக்க லேசா இருக்கும்.

கே: மொதல்ல பைட் ஆர்டர்னா என்னண்ணே?

"கெ"ன்னு ஒரு எழுத்து எழுதிப் பாருங்க. நோட்டுல மொதல்ல கொம்பு போடுவோம், அப்பறம்தான் க. ஆனா இப்ப போன்ல இருக்கற யூனிகோட்ல க முன்னாடி, கொம்பு பின்னாடி சேவ் ஆகுது. முன்னாடி டிஸ்கி ஃபாண்ட் ஓடுன காலத்துல கண்ணுக்குத் தெரியற மாதிரியே கொம்பு முன்னாடி, க பின்னாடி. ரெண்டுல எதுவும் தப்பில்ல. ஒண்ணுல எழுதி இன்னொண்ணா படிச்சாதான் தப்பு, பழைய ஃபைல இப்ப தொறந்தா கொம்பெல்லாம் அடுத்த எழுத்துல போயி ஒட்டிக்கிட்டு நிக்கும் பாருங்க, அந்தக் கூத்து.

நம்பருக்கும் அதே கததான். ஒரு பைட்டுக்குள்ள அடங்காத நம்பர, உதாரணத்துக்கு ஹெக்ஸ்ல 0403, மெமரில வைக்கணும்னா ரெண்டு பைட்டு வேணும். 04 03ன்னு பெரிய பக்கத்த முன்னாடி வச்சா பிக் எண்டியன், 03 04ன்னு சின்ன பக்கத்த முன்னாடி வச்சா லிட்டில் எண்டியன். பேரு வந்த கத சும்மா ஒரு சிரிப்பு: முட்டைய பெரிய முனைல ஒடைக்கறதா சின்ன முனைல ஒடைக்கறதான்னு சண்டை போடுற லில்லிபுட் ஜனங்க கலிவர் கதைல வருவாங்கள்ல, அங்கருந்து டேனி கோஹன்னு ஒருத்தர் 1980 ஏப்ரல் 1ஆம் தேதி எழுதுன கட்டுரைல எடுத்து கம்ப்யூட்டர் பக்கம் ஒட்டவச்சாரு. தேதியப் பாத்தாலே தெரியுதே, மனுசன் கிண்டலாத்தான் எழுதிருக்காரு, ஆனா பேரு நெலச்சுப்போச்சு.

கே: என் லேப்டாப் லிட்டில் எண்டியன், பை-யும் லிட்டில் எண்டியன். அப்ப எல்லாத்தயும் லிட்டில்னு வச்சுக்கிட்டா முடிஞ்சுச்சே?

இங்கதான் எல்லாரும் சறுக்கறது. பாம்பன் பாலத்து மேல நின்னுக்கிட்டு "இன்னைக்கு கடல் எப்படி"ன்னு ஒருத்தன் கேட்டா, ஊர்க்காரன் "எந்தக் கடல்"னு தான் திருப்பிக் கேப்பான். கச்சான் காத்து அடிக்கறப்ப தென்கடல் கொந்தளிக்கும் வடகடல் சும்மா கெடக்கும், வாடைல அப்படியே மாறும். நீங்க நிக்கற பாலம் ஒண்ணுதான், அதுக்காக ரெண்டு பக்கமும் ஒரே தண்ணி ஆயிருமா.

பைட் ஆர்டரும் படிக்கற மெஷினோட கொணம் இல்ல, அந்த பைட்ட அங்க எழுதி வச்சவனோட கொணம். கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) தானே நம்பர் போட்டு எழுதுன ஸ்ட்ரக்ட்டுன்னா (பல ஃபீல்டு சேந்த கட்டு) மெஷினோட ஆர்டர்ல இருக்கும். கீபோர்டு மவுஸ் நகர்ற டெவ்/இன்புட் கீழ உள்ள ஈவென்ட் ஃபைல் அப்படி. டிவைஸ் குடுத்தத கெர்னல் தொடாம அப்படியே தள்ளி விடுதுன்னா டிவைஸோட ஆர்டர். பூட் ஆகறப்ப ஃபர்ம்வேர் (மெஷினக் கெளப்பி விடற மொத ப்ரோகிராம்) கைல குடுத்ததுன்னா ஃபர்ம்வேர் பேசிக்கிட்ட ஆர்டர். அதனால ஒவ்வொரு ஃபைலுக்கும் மொதல்ல கேக்க வேண்டியது "இத எழுதுனது யாரு"ன்னு. "என் சிபியு என்ன"ன்னு இல்ல.

கே: சிஸ் (கெர்னல் டிவைஸ் விவரம் காட்டற ஃபோல்டர்) கீழ கேட் (ஃபைல ஸ்க்ரீன்ல காட்டற கமாண்ட்) அடிச்சா நம்பர் ஒழுங்கா தெரியுதே, அங்கயும் இந்தத் தொல்லை உண்டா?

இல்ல. டெக்ஸ்ட்டா வர்றதுக்கு பைட் ஆர்டர் கெடையாது. சிஸ்/கிளாஸ்/ஹெச்டபிள்யூமான் கீழ டெம்ப்1 இன்புட்ல 32500ன்னு இருந்தா அது 32.5 டிகிரி, மில்லி டிகிரி கணக்கு, எந்த மெஷின்ல படிச்சாலும் அதேதான். டிரைவர் (டிவைஸோட பேசற கெர்னல் ப்ரோகிராம்) எழுதுனவரு உங்களுக்காக ஏற்கனவே மீன ஆஞ்சு கழுவி வச்சிருக்காரு. டெக்ஸ்ட் ஃபைல் இருக்கறப்ப பைனரி ஃபைலத் தேடிப் போகாதீங்க, வீரம் காட்ட வேண்டிய எடம் அது இல்ல.

கே: ஹெக்ஸ்டம்ப்ல (ஃபைலோட பைட்ட ஹெக்ஸ்ல காட்டற டூலு) பாத்தா சரியா இருக்கு, என் ப்ரோகிராம்ல மாறி வருது. சில சமயம் உல்ட்டாவா, ஹெக்ஸ்டம்ப்ல மாறித் தெரியுது ப்ரோகிராம்ல சரி. எத நம்புறது?

ஹெக்ஸ்டம்ப்ப நம்பாதீங்க. அதாவது, ஆப்ஷன் எதுவும் குடுக்காம ஓட்டுனா நம்பாதீங்க. அது பைட்ட காட்டல, ரெண்டு ரெண்டு பைட்டா சேத்து உங்க மெஷின் ஆர்டர்ல ஒரு நம்பராக்கிக் காட்டுது. எங்கிட்ட இருக்கற எஃப்டிடிஐ கம்பெனி யூஎஸ்பி-சீரியல் ஒயரோட டிஸ்கிரிப்டர் (நான் யாருன்னு டிவைஸ் சொல்லற தகவல்), அதுல மொத 14 பைட்டு நெஜமா இப்படி:

12 01 00 02 00 00 00 08 03 04 01 60 00 06

இதயே வெறும் ஹெக்ஸ்டம்ப் லேப்டாப்ல இப்படிக் காட்டும்:

0112 0200 0000 0800 0403 6001 0600

பாத்தீங்களா, 0403 (கம்பெனி, அதாவது வெண்டர் நம்பர்), 6001 (ப்ராடக்ட் நம்பர்)ன்னு எஃப்டிடிஐ நம்பர் ரெண்டும் அழகா தெரியுது, ஒடனே "ஓஹோ ஃபைல்ல 04 03 தான் இருக்கு, அப்ப பிக் எண்டியன்"னு பய முடிவு பண்ணி ப்ரோகிராம எழுதிருவான். ஃபைல்ல இருக்கறது 03 04. மாத்துனது டூலு. அதே சமயம் மொத பைட்டு 12, ரெண்டாவது 01, அது ரெண்டும் தனித்தனி ஃபீல்டு, அத ஒட்டி 0112ன்னு இல்லாத நம்பர ஒண்ணு உண்டாக்கி வச்சிருக்கு. அதனால எப்பவும் ஹெக்ஸ்டம்ப்புக்கு பெரிய சி ஆப்ஷன் போடுங்க, இல்லன்னா எக்ஸ்எக்ஸ்டி யூஸ் பண்ணுங்க, ரெண்டும் இருக்கற வரிசைலயே காட்டும். ஓடி-ங்கற டூலுல நாலு பைட்டு நம்பரா பாக்கணும்னா எண்டியன் ஆப்ஷன்ல பிக்கா லிட்டிலான்னு நீங்களே சொல்லிரலாம். எங்கடைல வந்த சண்டைல பாதி இந்த ஒரு விசயத்துலதான்.

கே: ராஸ்பெரி பை-ல போர்டு ரிவிஷன ப்ராக்/டிவைஸ்-ட்ரீ கீழருந்து படிச்சேன், 20219000ன்னு வருது. சிபியுஇன்ஃபோ-ல 902120ன்னு இருக்கு. போர்டு டூப்ளிகேட்டா?

போர்டு அசல்தான் தம்பி, 902120ன்னா ஜீரோ 2 டபிள்யூ. ஃபைல்ல 00 90 21 20ன்னு இருக்கு, நீங்க அத லிட்டிலா படிச்சீங்க, கடைசி பைட்டு முன்னாடி வந்து 20219000 ஆயிருச்சு.

பை-யோட சிபியு லிட்டில் எண்டியனா ஓடறப்ப இது ஏன் பிக் எண்டியன்னு கேப்பீங்க. டிவைஸ் ட்ரீ (போர்டுல என்னென்ன இருக்குன்னு ஃபர்ம்வேர் கெர்னலுக்குக் குடுக்கற பட்டியல்) பை-க்காகப் பொறந்தது இல்ல. ஓப்பன் ஃபர்ம்வேர்னு 1994ல ஐஇஇஇ 1275 ஸ்டாண்டர்டா வந்த சமாச்சாரம், அத வச்சுப் பொழச்சது ஸ்பார்க், பவர்பிசி மெஷினுங்க, அதெல்லாம் பிக் எண்டியன். அப்பறம் 2011 வாக்குல ஏஆர்எம் (பை-ல இருக்கற சிபியு வகை) பக்கம் போர்டுக்கு ஒரு ப்ரோகிராம் கோடுன்னு குப்பை சேந்து போனதுல எல்லாரும் டிவைஸ் ட்ரீக்கு மாறுனாங்க, வீடு மாறுனாலும் வாசப்படி பழசுதான், உள்ள நம்பரெல்லாம் 32 பிட் பிக் எண்டியன் செல்லாவே (நாலு பைட்டுக் கட்டம்) இருக்கட்டும்னு விட்டுட்டாங்க.

சரி, கெர்னலாவது மாத்திக் குடுக்கலாம்லன்னு ஒரு பையன் கோவமா கேட்டான். மாத்த முடியாது. டிவைஸ் ட்ரீல ஒரு ப்ராப்பர்ட்டி நம்பரா, எழுத்தா, மேக் அட்ரஸான்னு எங்கயும் எழுதி வைக்கல, வெறும் பைட்டும் நீளமும்தான். நாலு பைட்டு இருந்தா அது ஒரு நம்பராவும் இருக்கலாம், மூணு எழுத்தும் முடிவுக்கு ஒரு பூஜ்யமுமாவும் இருக்கலாம். கெர்னல் கண்ண மூடிக்கிட்டு திருப்பிப் போட்டா பேரெல்லாம் கொத்துபரோட்டா ஆயிரும். அதனால அது வந்தத வந்தபடி தொங்க விட்டிருக்கு, அதுதான் நியாயமும்கூட. அட்ரஸ் 64 பிட்டுன்னா ரெண்டு செல்லு, அதுலயும் பெரிய பக்கம்தான் மொதல்ல. மாடல் மாதிரி எழுத்து ஃபைலுக்கு இந்தக் கவலை கெடையாது, நேரா கேட் அடிங்க.

கே: ஒரே யூஎஸ்பி டிவைஸ், ஒரே மெஷின், ரெண்டு ஃபைல்ல ரெண்டு மாதிரி வருது. இது எப்படிண்ணே சாத்தியம்?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு எழுதவே உக்காந்தேன், ஏன்னா நானே ரெண்டு நாளு மண்டைய ஒடச்சுக்கிட்ட கேஸ்.

யூஎஸ்பில ஒயர்ல போறதெல்லாம் லிட்டில் எண்டியன், அது ஸ்டாண்டர்டு, சந்தேகமே இல்ல. நான் ஒரு சின்ன சி ப்ரோகிராம் வச்சிருந்தேன், டெவ்/பஸ்/யூஎஸ்பி கீழ உள்ள ஃபைலத் தொறந்து மொத 18 பைட்ட, அதான் டிவைஸ் டிஸ்கிரிப்டர், படிச்சு, வெண்டர் நம்பர லிட்டிலா சேத்து, 0403ன்னா நம்ம ஒயருன்னு கண்டுபிடிக்கும். லேப்டாப்ல ஓடுச்சு, பை-ல ஓடுச்சு. அப்பறம் கரண்ட்டு கம்மியா இழுக்கும்னு ஒரு பழைய பாக்கெட் ரவுட்டர்ல ஓப்பன்டபிள்யூஆர்டிங்கற ரவுட்டர் லினக்ஸ ஏத்தி அதுல போட்டேன். வெண்டர் 0304, ப்ராடக்ட் 0160ன்னு வருது. ஊர்ல இல்லாத வெண்டர். ஒயர் போச்சுன்னு நெனச்சு வேற ஒயர் மாத்துனேன், ஹப்ப மாத்துனேன், பவர் சப்ளைய மாத்துனேன். அப்பறமாத்தான் ஒறச்சுச்சு, அந்த ரவுட்டர்ல இருக்கற மிப்ஸ் சிப்பு பிக் எண்டியன்.

ஆனா சிப்பு பிக்கா இருந்தா எனக்கென்ன, நான்தான் கவனமா லிட்டிலா பைட்டு பைட்டா சேக்கறேனே? அங்கதான் கொக்கி. அந்த டெவ் ஃபைல்ல மொத 18 பைட்டுல இருக்கற ரெண்டு பைட்டு நம்பரெல்லாம் கெர்னல் மெஷின் ஆர்டருக்கு மாத்திக் குடுக்குது. பிக் எண்டியன் ரவுட்டர்ல 04 03ன்னு வந்துச்சு, அத நான் லிட்டிலா படிச்சு 0304 ஆக்கிட்டேன். லேப்டாப்ல மெஷின் ஆர்டரும் லிட்டில்தான்ங்கறதால இத்தனை நாளா எல்லாம் சரின்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.

இதவிட வேடிக்கை, அதே ஃபைல்ல அந்த 18 பைட்டு தாண்டுனதும் கான்ஃபிகரேஷன் டிஸ்கிரிப்டர் வரும், அத கெர்னல் தொடறதில்ல, ஒயர்ல வந்த மாதிரியே லிட்டில். நம்ம ஒயர்ல அது 09 02 20 00ன்னு ஆரம்பிக்கும், இந்த 20 00ங்கறது மொத்த நீளம் 32 பைட்டு, எந்த மெஷின்லயும் அப்படியேதான். ஒரே ஃபைல்ல பாதி ஒரு கடல், பாதி இன்னொரு கடல், நடுவுல பாலம்கூட கெடையாது.

இதுவே சிஸ்/பஸ்/யூஎஸ்பி/டிவைசஸ் கீழ டிஸ்கிரிப்டர்ஸ்னு ஒரு ஃபைல் இருக்கு பாருங்க, அதுல மொத 18 பைட்டும் ஒயர் ஆர்டர்லயே, முழுக்க லிட்டில். அந்த டெவ் ஃபைல மட்டும் ஏன் அப்படி விட்டாங்கன்னா, பழைய காலத்துல அப்படித்தான் குடுத்தாங்க, அத நம்பி ப்ரோகிராம் எழுதுனவங்க இருக்காங்க, இப்பப் போயி மாத்துனா அதெல்லாம் ஒடையும். யூசர் ப்ரோகிராம ஒடைக்கக் கூடாதுங்கறது லினக்ஸ் கெர்னல்காரங்களோட கண்டிப்பான சட்டம். எரிச்சலா இருந்தாலும் எனக்கு அது சரின்னுதான் படுது, நான் எழுதுன பத்து வருசப் ப்ரோகிராம் இன்னும் ஓடறது அந்தப் பிடிவாதத்தாலதான்.

இப்ப என்ன பண்றேன்னா, வெறும் வெண்டர் நம்பர் மட்டும் வேணும்னா சிஸ் கீழ ஐடிவெண்டர் டெக்ஸ்ட் ஃபைல், 0403ன்னே இருக்கும். முழு டிஸ்கிரிப்டரும் வேணும்னா லிப்யூஎஸ்பிங்கற லைப்ரரி, அது டிவைஸ் டிஸ்கிரிப்டர மெஷின் ஆர்டர்ல ஸ்ட்ரக்ட்டா கைல குடுத்துரும்.

கே: மதர்போர்டு ஸ்லாட்ல சொருகற பிசிஐ கார்டுக்கும் இப்படியா?

இல்ல, அது நல்ல பிள்ளை. சிஸ் கீழ உள்ள அதோட கான்ஃபிக் ஃபைல் எப்பவும் லிட்டில், இன்டெல் கார்டுன்னா மொத ரெண்டு பைட்டு 86 80, பக்கத்துலயே வெண்டர்ங்கற டெக்ஸ்ட் ஃபைல்ல 8086. வேற ஒண்ணுமில்ல.

கே: எல்எம்75 டெம்பரேச்சர் சென்சார ஐ2சி கெட்ல (ஐ2சி ஒயர்ல மாட்டுன சிப்பப் படிக்கற டூலு) வேர்டா, அதாவது ரெண்டு பைட்டா, படிச்சா 8020ன்னு வருது. இது எந்த ஊரு டெம்பரேச்சர்?

நம்ம ஊரு டெம்பரேச்சர்தான், 32.5. அத அப்படியே கணக்குப் போட்டா மைனஸ் 128 கிட்ட வரும், சைபீரியாவுலயும் அப்படி இல்ல.

சென்சாரு 20 80ன்னு அனுப்புது. ஹெக்ஸ் 20ன்னா 32, அடுத்த பைட்டுல மேல் பிட்டு இருந்தா அரை டிகிரி. பெரிய பக்கம் முன்னாடி வருது. ஆனா எஸ்எம்பஸ்னு ஒரு வழக்கு இருக்கு, அதுல வேர்டுன்னு சொன்னாலே சின்ன பைட்டுதான் முன்னாடி வரும்னு ரூலு. ஐ2சி கெட்டும் பைத்தான் எஸ்எம்பஸ்ஸும் அந்த ரூல மதிச்சு திருப்பிப் போட்டு 8020ங்குது. சிப்பு சொன்னதும் சரி, டூலு பண்ணதும் சரி, நடுவுல நம்மதான் மாட்டுறோம். இது எவ்வளவு சகஜம்னா கெர்னல்லயே வேர்டப் படிச்சு மாத்திக் குடுக்கன்னே தனி ஃபங்ஷன் வச்சிருக்காங்க.

ஏடிஎஸ்1115 (வோல்டேஜ நம்பராக்கற சிப்பு) வச்சிருக்கவங்களுக்கு ஒரு லேசான சோதனை: பவர் குடுத்ததும் கான்ஃபிக் ரெஜிஸ்டர்ல (சிப்புக்குள்ள நம்பர் வைக்கற கட்டம்) 8583 இருக்கும்னு டேட்டாஷீட் சொல்லுது. உங்களுக்கு 8385ன்னு வந்தா திரும்பிக்கிட்டு வருதுன்னு அர்த்தம், ஒயரிங் சரி, பயப்படாதீங்க.

ரொம்ப வம்பான சிப்பு பிஎம்பி280தான். காத்தழுத்தம், வெப்பம் ரீடிங் ரெஜிஸ்டர்ல பெரிய பைட்டு முன்னாடி. அதே சிப்புக்குள்ள ஃபேக்டரில எழுதி வச்ச காலிப்ரேஷன் நம்பர்ல சின்ன பைட்டு முன்னாடி. "சிப்பு பிக் எண்டியன்"னு ஒத்த வார்த்தைல முடிவு கட்டிட்டுப் போனா காலிப்ரேஷன் கெட்டுப்போயி அழுத்தம் எங்கயோ நிக்கும், புயல் சின்னமே இல்லாம உங்க பெட்டி மட்டும் புயல் எச்சரிக்கை கொடுக்கும். பை-ல கெர்னல் டிரைவர் இருக்கு, அத ஏத்தி விட்டா இந்த வேலையே இல்ல. கூடியமட்டும் டிரைவர் கிட்ட விட்டுருங்க.

கே: ஐஐஓ-ல டைப்னு ஒரு ஃபைல் இருக்கு, உள்ள பிஇ:எஸ்16/16>>0ன்னு மந்திரம் மாதிரி இருக்கு. அது என்ன?

இந்த உலகத்துலயே நேர்மையான ஃபைல் அது. ஐஐஓன்னா சென்சாருக்கான கெர்னல் பகுதி, வேகமா ரீடிங் எடுக்கறப்ப ஒவ்வொண்ணயும் திருப்பிக்கிட்டிருந்தா நேரம் வீணுன்னு பைட்ட வந்த மாதிரியே பஃபர்ல கொட்டும். கொட்டிட்டு ஓடிப் போகாம, எப்படிக் கொட்டுனேன்னு இந்த ஃபைல்ல சொல்லியும் வைக்கும். பிஇன்னா பிக், எல்இன்னா லிட்டில். எஸ்ன்னா மைனஸும் வரும், யூன்னா வராது. மொத 16 நெஜமான பிட்டு, சாய்கோட்டுக்கு அப்பறம் உள்ள 16 வச்சிருக்கற எடம், கடைசில எத்தனை பிட்டு வலப்பக்கம் தள்ளணும்னு. எல்இ:எஸ்12/16>>4ன்னு இருந்தா ரெண்டு பைட்ட லிட்டிலா சேத்து, நாலு பிட்டு தள்ளி, 12 பிட்டா மைனஸ் ப்ளஸ் பாத்துக்கணும். மொதல்ல திருப்பணும், அப்பறம்தான் தள்ளணும், வரிசைய மாத்தாதீங்க.

கே: போட்டு ஜிபிஎஸ்ஸ லினக்ஸ்ல மாட்டுனா கெர்னல் எதையாச்சும் திருப்புமா?

திருப்பாது. டிடிஒய் ஃபைல்ங்கறது (சீரியல் ஒயருக்கான ஃபைல்) வெறும் குழாய், இந்தப் பக்கம் ஊத்துனது அந்தப் பக்கம் வரும்.

பெரும்பாலும் வர்றது என்எம்இஏங்கற கப்பல் கருவி ஸ்டாண்டர்டு டெக்ஸ்ட், டாலர் குறில ஆரம்பிச்சு கமா கமாவாப் போகும், பைட் ஆர்டர் இல்ல. ஆனா யூப்ளாக்ஸ் கம்பெனி ஜிபிஎஸ் மாட்யூல பைனரி மோடுக்கு மாத்துனா லிட்டில் எண்டியன். நம்ம பாம்பன் பாலம் 9.28 டிகிரி வடக்குன்னு வைங்க, அத ஒரு கோடியால பெருக்கி முழு எண்ணா அனுப்பும், 00 04 88 05ன்னு வரும். லிட்டிலா படிச்சா 92800000, சரி. பிக்கா படிச்சா 296965, அதாவது 0.03 டிகிரி, உங்க வல்லம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல தெக்க, பூமத்திய ரேகை கிட்ட மெதந்துக்கிட்டிருக்கும். இந்த மாதிரி பெரிய தப்பு வந்தா நல்லது, ஒடனே கண்டுபிடிச்சுரலாம்.

பைட் ஆர்டருக்கு சம்பந்தமில்லன்னாலும் இதச் சொல்லாம விட மனசில்ல: டெக்ஸ்ட்ல 0916.80ன்னு வர்றது 9 டிகிரி 16.8 நிமிசம், அதான் 9.28. அத 9.168ன்னு போட்டுட்டு ஒருத்தன் மேப்பு வரைஞ்சு கொண்டாந்தான். வித்தியாசம் ஏழு கடல் மைலுக்குக் கொஞ்சம் கம்மி. 1974லயும் 1976லயும் இலங்கையோட ஒப்பந்தம் போட்டு கடல்ல கோடு கிழிச்ச ஊர்ல உக்காந்துக்கிட்டு ஏழு மைல் பிசகுனா என்ன ஆகும்னு நான் வேற சொல்லணுமா. சின்னதா தப்பா வர்ற நம்பர்தான் ஆளக் கொல்லும்.

கே: தம்பி, நம்ம எறால் பண்ணைல மீட்டர் டிஸ்ப்ளேல ஆக்சிஜன் 4 காட்டுது, ஒம் பெட்டில பூஜ்யம் காட்டுது. ராத்திரி பூரா ஏரேட்டர ஓட விட்டேன், டீசல் யாரு குடுப்பா?

அண்ணாச்சி, டீசல் காச கழிச்சுட்டேன், அதயும் எழுதிர்றேன், நாலு பேரு தப்பிப்பாங்க.

அது மாட்பஸ் மீட்டர். 1979ல மோடிகான் கம்பெனி கொண்டாந்த, மெஷினுங்க பேசிக்கற பேச்சு (ப்ரோட்டோகால்), அதுல ஒரு ரெஜிஸ்டர்னா ரெண்டு பைட்டு, பெரிய பைட்டு முன்னாடின்னு தெளிவா இருக்கு. ஆனா புள்ளி வச்ச நம்பருக்கு நாலு பைட்டு வேணும், ரெண்டு ரெஜிஸ்டர், அதுல எது முன்னாடின்னு அந்தக் காலத்துல யாரும் சொல்லி வைக்கல. கம்பெனிக்கு கம்பெனி அவங்கவங்க இஷ்டம். 4.0ன்னா 40 80 00 00. அந்த மீட்டரு 00 00 40 80ன்னு அனுப்புது. பைட்டு திரும்பல, ரெண்டு ரெண்டா எடம் மாறி உக்காந்திருக்கு. அத நேரா ஃப்ளோட்டா (புள்ளி வச்ச நம்பரா) படிச்சா பூஜ்யத்துக்கு அப்பறம் நாப்பது பூஜ்யம் வர்ற மாதிரி ஒரு நம்பர், ஸ்க்ரீன்ல 0.00. மேனுவல்ல இதப் பத்தி ஒத்த வரி இல்ல. சென்சார் செத்துப்போச்சோன்னு நெனைக்க வைக்கற தப்புங்கறதாலதான் இது மோசம், எடம் மாறுன நம்பர்னு யாருக்கும் தோணாது.

ஜோடிக்குள்ளயே பைட்டு எடம் மாறுற கதையும் உண்டு, பழைய பிடிபி-11 மெஷின்லருந்து வேற ஆர்டர் மெஷினுக்குப் போனப்ப யூ-என்-ஐ-எக்ஸ்ங்கற (யூனிக்ஸ்) நாலு எழுத்து என்-யூ-எக்ஸ்-ஐன்னு வந்து நின்னுச்சுன்னு பழைய ஆளுங்க இன்னும் நக்ஸி ப்ராப்ளம்னுதான் சொல்லுவாங்க.

கே: பைட்டு திரும்புனா உள்ள இருக்கற பிட்டும் திரும்புமா?

இல்ல. 20 எங்க போனாலும் 20தான். பைட்டுங்க வரிசை மாறும், பைட்டு ஒடையாது.

கே: ஹார்டு டிஸ்க் சீரியல் நம்பர் கூட ஜோடி ஜோடியா மாறி வருதே, மானிட்டர் ஈடிஐடி-யும் (மானிட்டர் தன்னப் பத்தி சொல்லற டேட்டா) வெளங்கல?

டிஸ்க்கோட ஐடென்டிஃபை டேட்டாவ பச்சையா எடுத்தா 123456ங்கற சீரியல் 214365ன்னு வரும். ஏடிஏ-ல (டிஸ்க் பேசற ஸ்டாண்டர்டு) எழுத்தயும் 16 பிட்டு வேர்டாத்தான் அடைக்கறாங்க, மொத எழுத்து வேர்டோட பெரிய பக்கத்துல. ஈடிஐடி-ல கம்பெனி கோடு இருக்கற ரெண்டு பைட்டு பிக், அதுக்கு அடுத்து ஒட்டுனாப்ல இருக்கற ப்ராடக்ட் கோடு லிட்டில். ஏன்னு கேக்காதீங்க, எனக்கு அதுல மரியாதையே போயிருச்சு.

கே: பிக் எண்டியன் மெஷினே இப்ப இல்லையே, இதுக்கு இவ்வளவு கவலை வேணுமா?

ஐபிஎம் மெயின்ஃப்ரேம்ல இன்னைக்கும் லினக்ஸ் பிக் எண்டியனாத்தான் ஓடுது, பழைய ஏதெரோஸ் சிப்பு போட்ட ரவுட்டருங்க எத்தனையோ வீட்டுப் பரண்ல கெடக்கு. ஆனா அதெல்லாம் இல்லாமப் போனாலும் உங்களுக்குத் தப்பிக்க வழியில்ல, டிவைஸ் ட்ரீ, மாட்பஸ், எல்எம்75, நெட்வொர்க் பாக்கெட்டு எல்லாம் பிக்கு. சிபியு செத்தாலும் ஃபார்மட் சாகாது.

கே: ப்ரோகிராம்ல எப்படி எழுதறது?

"என் மெஷின் லிட்டிலா இருந்தா திருப்பு"ன்னு இஃப் போடாதீங்க. மெஷினப் பத்தி நெனைக்கவே வேணாம். டேட்டா என்ன ஆர்டர்னு மட்டும் சொல்லுங்க. பைத்தான் ஸ்ட்ரக்ட்ல ஃபார்மட்டுக்கு முன்னாடி < போட்டா லிட்டில், > போட்டா பிக், ஒண்ணும் போடலன்னா மெஷின் இஷ்டம், கூடவே இடைல காலி பைட்டும் நுழைச்சுரும், அதனால ஒண்ணும் போடாம விடவே கூடாது. சி-ல மொத பைட்ட எட்டு பிட்டு தள்ளி ரெண்டாவதோட சேத்தா பிக், மாத்திச் செஞ்சா லிட்டில், எந்த சிபியுலயும் ஒரே விடை. பஃபர் மேல ஸ்ட்ரக்ட் பாயின்டரப் போத்தி நேராப் படிக்கறதுதான் மொத்த வியாதிக்கும் வேரு. கெர்னல்ல டிரைவர் எழுதப் போறவங்க லிட்டில், பிக்குன்னு தனித்தனி டைப் இருக்கறத யூஸ் பண்ணுங்க, ஸ்பார்ஸ்னு ஒரு டூலு ஓட்டுனா எங்க மறந்தீங்கன்னு காட்டிக் குடுக்கும்.

கெர்னல் மெஷின் ஆர்டர்ல குடுக்கற ஃபைல்னா, அந்த டெவ் யூஎஸ்பி மாதிரி, அங்க மட்டும் மெஷின் ஆர்டர்னே சொல்லிப் படிங்க, பைத்தான்ல =.

கே: டேட்டாஷீட்டே இல்ல, சைனா சென்சாரு. எப்படிண்ணே கண்டுபிடிக்கறது?

சென்சார உள்ளங்கைல வச்சு மெதுவா மூடுங்க, பைட்டுங்களப் பாத்துக்கிட்டே இருங்க. துள்ளிக்கிட்டே இருக்கற பைட்டு சின்ன பக்கம், அசையாம எப்பவாச்சும் ஒண்ணு ஏறுறது பெரிய பக்கம். இதுக்கு மேல ஒரு தெரிஞ்ச அளவோட ஒப்பிட்டுப் பாருங்க.

ஒப்பிடறப்ப நம்பரப் பாத்து எடுங்க. ஒரு மாப்ளே ஐஸ் ரூம் பெட்டிய நொறுக்கு ஐஸ்ல சென்சாரச் சொருகி சோதிச்சான், பூஜ்யம் காட்டுச்சு, சரியா இருக்குன்னு மாட்டிட்டு வந்துட்டான். 00 00ஐ எப்படித் திருப்புனாலும் 00 00தானே. மத்தியானம் கரண்ட்டு போயி, ஐஸ் உருகி, ரூம் கதவத் தொறந்து வச்சிருந்தப்ப ஓனர் போன் போட்டு "ஏப்பா, உள்ள மைனஸ் 128ங்குது, எனக்கு இங்க வேர்த்து ஊத்துது"ன்னாரு.